பழைய கிராங்குக்குப் புதிய ராடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வெளிப்புறம் இருக்கும் எங்கள் சிறு பட்டறைக்கு, சொர்ணவாரிப் பருவம் நெருங்கும் நாட்களில் வந்து சேரும் வேலையில் பெரும்பகுதி, தார்ச்சாலையில் ஓடாத எஞ்சின்களுடையது. பொன்னேரிப் பக்கத்து நஞ்சைகளை உழும் பவர் டில்லர், ஊத்துக்கோட்டைத் தோட்டங்களில் நீர் இறைக்கும் பம்புசெட், மாமரங்களுக்கு மருந்தடிக்கும் முதுகு ஸ்பிரேயர், பழவேற்காட்டுப் படகின் டீசல் எஞ்சின் ஆகிய இவை யாவும் சேற்றிலும் புழுதியிலும் உப்புக் காற்றிலும் ஓய்வின்றி உழைப்பவை. பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றித் தரும் கிராங்க் ஷாப்ட்தான் அந்த உழைப்பின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது.

பாரம் ஏறும்போது எஞ்சினின் அடியிலிருந்து கிளம்பும் ‘டக் டக்’ ஓசையை மெக்கானிக்குகள் ராடு சத்தம் என்பார்கள். அதைக் கேட்ட பிறகும், மிச்சமுள்ள அரை ஏக்கரை முடித்துவிடலாம் என்று ஓட்டுவது பெரும் அபாயம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் அந்த ராடு முறிந்து கிராங்க் கேஸையே பிளந்துவிட்டால் அப்புறம் செய்வதற்கு அதிகமில்லை.

டில்லர், டீசல் பம்புசெட் முதலியவற்றின் கிராங்க் ஒரே உலோகத் துண்டாய் அமைந்தது. ராடு பூட்டும் பின் தேய்ந்தால், அதை 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் சாணை பிடித்துக் குறைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம். சுலபமாகத் தோன்றும் இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. வேறோரிடத்தில் சாணை பிடித்த கிராங்க் ஒன்றை, பருவம் முடியுமுன் இரண்டாய் முறிந்த நிலையில், ஒரு விவசாயி எங்களிடம் கொண்டுவந்தார். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஒரு மூலையிலிருந்து மெல்லிய வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரவியிருந்தன; விரிசல் சிறிது சிறிதாக உள்ளே நடந்த பாதை அது. தொடங்கிய இடம், பின்னும் பக்கச்சுவரும் சேரும் மூலை. தொழிற்சாலையில் அங்கே வேண்டுமென்றே விட்டிருந்த வளைவை, ரேடியஸ் இல்லாத சாணைக்கல் சதுரமாக அறுத்துவிட்டிருந்தது. நேயர்களே, சாணைக்குக் கொடுக்கும்போது அளவை மட்டும் சொல்லாதீர்கள், ரேடியஸையும் கேளுங்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிரியமான வேலை, சேர்த்துப் பூட்டிய கிராங்குடையது. 1956-இல் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய புல்லட்டின் கிராங்கும், இந்த ஸ்பிரேயர்களின் சிறிய டூ-ஸ்ட்ரோக் கிராங்கும் இந்த ஜாதியே: இரண்டு சக்கரத் தட்டுகள், அவற்றை இணைக்கும் ஒரு பின், பின்னைச் சுற்றி உருளைகள், அவற்றின்மேல் ராடு. தேய்ந்ததைப் பிரஸ்ஸில் கழற்றி, ராடு கிட் வாங்கிப் புதிதாக அழுத்துவது சொற்ப நேர வேலை. இருபுற ஷாப்ட்டுகளும் ஒரே அச்சில் சுழலும்படி நேராக்குவதுதான் வித்தை.

கிராங்கை லேத்தின் இரு சென்டர்களுக்கிடையே நிறுத்தி, பேரிங் அமரும் இரு இடங்களிலும் டயல் கேஜ் வைத்து, கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். தலைமயிரின் பருமன் சுமார் 0.07 மில்லிமீட்டர்; டயல் முள்ளின் ஆட்டத்துக்கு நமக்குள்ள சலுகை அதைவிடக் குறைவு, பெரும்பாலான சிறு எஞ்சின்களுக்கு 0.05-க்குள். முள் 0.04 ஆடினால் அச்சு விலகியிருப்பது அதில் பாதி, 0.02 மட்டுமே என்பதை ஐ.டி.ஐ. முடித்து வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்கிறேன். முட்கள் பின்னுக்குக் குறுக்குவாட்டில் எதிரெதிராக ஏறினால் தட்டுகள் திருகியிருக்கின்றன. பின்னின் நேரிலோ அதற்கு எதிர்ப்புறத்திலோ இரண்டும் ஒருசேர ஏறினால் தட்டுகள் குவிந்தோ விரிந்தோ இருக்கின்றன. முன்னதற்குச் செப்புச் சுத்தியலால் தட்டின் விளிம்பில் ஓரடி; பின்னதற்கு ஆப்பு அல்லது வைஸ். அடிப்பதற்கு முன் கிராங்கைச் சென்டரிலிருந்து கழற்றிக் கையில் தாங்கிக்கொள்வது அவசியம். இல்லாவிடில் சென்டர் துளையே சிதைந்து, அதன்பின் டயல் காட்டுவதெல்லாம் பொய்யாகிவிடும். அடித்து, மாட்டி, சுழற்றி, மறுபடி கழற்றி அடிக்கும் இந்தப் பொறுமையில் 0.10 என்று நின்ற முள் படிப்படியாக இறங்கி 0.02-இல் அடங்கும்போது உண்டாகும் ஆனந்தத்தை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள்.

நேரம் குறைவாதலால் மற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். ராடுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள பக்க இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். பின் அமரும் துளை தளர்ந்திருந்தாலோ, எங்கேனும் விரிசல் தெரிந்தாலோ, பழைய கிராங்கின்மீது பற்று வைக்காமல் புதிதே வாங்கிவிடுங்கள். சம்பா உழவுக்கு முன் எஞ்சினைத் திறக்கும் நேயர்கள், டயலும் மைக்ரோமீட்டரும் உள்ள பட்டறையைத் தேடிச் சென்று, அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.