ஒரே பாடநூலின் இரு பக்கங்கள்



பரிணாம உயிரியல் வகுப்பறையைத் தாண்டி நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பட்ட பாட்டைப் பேசக் கூடியிருக்கிறோம். தலைமையுரை என்றால் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம். நான் ஒரே ஒரு பள்ளிப் பாடநூலை மட்டும் உங்கள் முன் விரித்து வைக்கிறேன்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து டேட்டன் என்னும் சிற்றூரில் 1925 ஜூலையில் நடந்த வழக்கை இந்த அவையில் பலரும் அறிவீர்கள். மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிக்கக் கூடாது என அந்த ஆண்டு மார்ச்சில் சட்டம் வந்தது. அதை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர்மீது வழக்கு. அவருக்காக வாதாடியவர் கிளாரன்ஸ் டாரோ. அரசுத் தரப்பில், மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். தீர்ப்பு, 100 டாலர் அபராதம். அது பிறகு மேல்முறையீட்டில் ரத்தானது. சட்டம் மட்டும் 1967 வரை அசையவில்லை.

அந்த வகுப்பில் இருந்த நூல் ஜார்ஜ் வில்லியம் ஹன்டர் எழுதிய 'எ சிவிக் பயாலஜி'. 1914-இல் வெளிவந்தது; டென்னசி அரசே பள்ளிகளுக்கு அங்கீகரித்தது. அதில் மரம்போல் கிளைவிடும் ஒரு படம் உண்டு. கிளை நுனிகளில் வட்டங்கள். பூச்சிகளுக்குப் பெரிய வட்டம், பாலூட்டிகளுக்கு 3,500 இனங்கள் என்று குறித்த சின்ன வட்டம். மனிதனுக்குத் தனி இடம் கிடையாது. அந்தச் சின்ன வட்டத்துக்குள்தான் அவனும் அடக்கம். மனிதனை இப்படி மற்ற விலங்குகளோடு அடைத்துவிட்டார்களே என்று பிரையன் நீதிமன்றத்தில் கொதித்தார். நமக்கோ அந்தப் படத்தின் அழகே அந்த அடக்கம்தான்.

ஓரிரு பக்கம் தள்ளிப் பாருங்கள். மனித இனங்கள் ஐந்து என்றும், வெள்ளையர் இனமே எல்லாவற்றிலும் உயர்ந்தது என்றும் அதே நூல் சொல்கிறது. இன்னும் தள்ளிப் போனால் இனமேம்பாட்டியல். சில குடும்பங்கள் சமூகத்தின் ஒட்டுண்ணிகளாம். அவர்களைத் தனியே அடைத்து வைத்து, ஆண் பெண் சேராமல் தடுக்க வேண்டுமாம். 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கான பாடம் இது.

வழக்கு நடந்த நாள்களில் இந்தப் பக்கங்கள் வாதப்பொருளாகவே இல்லை. பேச வாய்ப்புக் கிடைக்காமல் போன தம் முடிவுரையில் பிரையன் இத்தகைய மனித இனப்பெருக்கத் திட்டங்களைச் சாடி எழுதி வைத்திருந்தார். டாரோவும் மறு ஆண்டே இனமேம்பாட்டியலைக் கண்டித்து எழுதினார். மன்றத்துக்குள் அந்தப் பேச்சு எழவில்லை. அதே இனமேம்பாட்டியலின் பெயரால் 1927-இல் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அவர் அறிவுக்குறை உள்ளவர், அவர் தாயும் அப்படியே, கைக்குழந்தையும் அப்படியே என்பது வாதம். அந்தக் குழந்தை பின்னாளில் பள்ளியில் சிறந்த மாணவியர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் இறந்துபோனாள்.

அந்தத் தீர்ப்பு மனிதாபிமானத்துக்கு எதிரானது என்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. கணக்கிலும் அது தவறு. நம் மாணவர்கள் கட்டம் போட்டுப் பழகுகிறார்களே, அந்த ஆர். சி. புன்னட் 1917-லேயே இப்படி ஒரு குறையைக் களைவது எவ்வளவு மெதுவாக நடக்கும் என்று கணக்கிட்டுக் காட்டிவிட்டார். ஒடுங்கு ஜீனால் வரும் ஒரு குறை 10,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கொள்ளுங்கள். அந்த ஜீனைச் சுமந்தும் குறை வெளிப்படாதவர்கள் ஏறத்தாழ 50 பேரில் ஒருவர். ஜீனின் நகல்களில் 99 விழுக்காடு இவர்களிடம்தான் இருக்கிறது. குறை உள்ள ஒருவரையும் விடாமல் கருத்தடை செய்தாலும் அந்த ஜீனின் விகிதம் பாதியாகக் குறைய 100 தலைமுறை ஆகும். பிளஸ் டூ மாணவர் கரும்பலகையில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. கேரி பக்கின் நிலைக்கு ஒரு ஜீன் காரணம் என்பதற்கோ எந்த ஆதாரமும் இல்லை.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். பரிணாமத்தை நீக்க வருகிறவர்களை எதிர்த்து நிற்கும் அதே முனைப்போடு, பரிணாமத்தின் பெயரால் மனிதரைத் தரம்பிரிக்க வருகிறவர்களுக்கும் உயிரியலாளர் பதில் சொல்ல வேண்டும். முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதைச் சமூகவியல் துறையிடம் தள்ளிவிடுவது நம் பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

நம் நாட்டில் இரண்டும் நடக்கின்றன. 2023-இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபு' என்று சுருங்கியது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வந்தது. பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைக்கு அந்தப் பதிலால் என்ன பயன்?

இன்னொரு பக்கம், டி.என்.ஏ. சோதனையைக் காட்டிச் சாதிப் பெருமை பேசுகிறார்கள். ஹைதராபாதின் சி.சி.எம்.பி. என்னும் உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு என்ன காட்டியது? ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த மண்ணின் மக்கள் பரவலாகக் கலந்தார்கள். அகமணம் இறுகியது அதற்குப் பிறகுதான். கலப்பில்லாத குருதி என்று மார்தட்ட இங்கே யாருக்கும் இடமில்லை. இந்தச் செய்தி ஆய்விதழ்களில் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் எத்தனை இடத்தில் இருக்கிறது?

அதனால்தான் முதல் நாள் முழுவதையும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒதுக்கச் சொன்னேன். வகுப்பில் மாணவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் எழுதிக் கொண்டு வந்திருக்கிறார்கள். குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது என்பதும் அதில் உண்டு; எங்கள் சாதிக்கு அறிவு குறைவா சார் என்பதும் உண்டு. பேராசிரியர்கள் தங்கள் கட்டுரைகளை நாளைக்கு வைத்துக்கொண்டு, இன்று இந்தக் கேள்விகளுக்கு விடை எழுத உட்கார வேண்டுகிறேன். முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.