கடவையில் ஒரு கணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



புகையிரதக் கடவையில் வாகனஞ் செலுத்துவோர் நடந்துகொள்ளும் முறை பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். விழா மேடைக்கு இது சிறிய பொருள் எனச் சிலர் எண்ணுதல் கூடும். உயிரைக் காக்கும் பொருள் எதுவும் சிறியதன்று.

1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியைப் பெரியோர்கள் நன்கறிவீர்கள். 1990ஆம் ஆண்டிலே போர் காரணமாக வடபகுதிப் புகையிரதம் நின்றது, தண்டவாளங்களும் மறைந்தன. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015ஆம் ஆண்டு சனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடவை என்பது வெறுந் தெருவே. இருபக்கமும் பாராது கடந்து பழகிவிட்டோம். இரும்புப் பாதை திரும்பி வந்தது. அதனோடு கூடி வாழும் வழக்கம் உடனே திரும்பி வரவில்லை.

மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் 25 மீற்றர் கடக்கின்றது. சாரதி நம்மைக் கண்டு தடையைப் போட்டாலும் அது பல நூறு மீற்றர் சென்றே நிற்கும். விலகிச் செல்லவும் அதற்கு வழியில்லை. ஆகவே வழிவிட வேண்டியவர் நாமேயன்றி அதுவன்று.

‘தூரத்திலே தானே வருகிறது’ என்போம். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகின்றது. பேருருவங்கள் தம் உண்மை வேகத்திலும் மெதுவாகவே செல்வனபோலத் தோன்றும் என்பதையும், கடவை விபத்துகளுக்கு அது ஒரு காரணமாகலாம் என்பதையும் லைபோவிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1985ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். நேரே நம்மை நோக்கி வரும் வண்டி இடம் பெயர்வதாகத் தெரியாது. சிறிது சிறிதாகப் பருத்து, அண்மித்த பின்னரே பூதாகாரமாய் எழும். 250 மீற்றர் தூரத்தில் நாம் கண்ட வண்டி பத்துச் செக்கனில் நம் முன்னே நிற்கும்.

2005ஆம் ஆண்டு ஏப்ரில் 27ஆந் திகதி, பொல்காவலைக்கு அண்மையிலுள்ள யாங்கல்மோதரைக் கடவையில், எச்சரிக்கையை மீறிக் கடக்க முற்பட்ட பஸ் ஒன்றைப் புகையிரதம் மோதியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் எத்தனை பேருக்கு அந்த அவசரம் இருந்திருக்கும்? அவசரம் ஒருவனுடையது; அழிவு அனைவருடையதுமாயிற்று.

பிறரைக் குறைகூற மட்டும் நான் இங்கு வரவில்லை. ஒருநாட் காலை என் மகளை மோட்டார்ச் சைக்கிளில் வகுப்புக்கு ஏற்றிச் சென்றேன். கடவையில் தடைமரம் இறங்கியிருந்தது. முன்னே இருவர் அதன் ஓரத்தால் வளைந்து போயினர், நானும் போனேன். நாம் மறுகரை ஏறிய சில கணங்களில் வண்டி முதுகுப்புறமாய் இரைந்து சென்றது. பிள்ளை ஒன்றும் பேசவில்லை. வகுப்பு வாசலில் நேரத்தோடு சேர்ந்து, பழைய சினேகிதர் ஒருவருடன் ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றேன். அன்றிரவு அவள் கேட்டாள்: “அப்பா, மிச்சம் பிடிச்ச அந்த ஐந்து நிமிஷத்திலை நாங்கள் என்ன செய்தனாங்கள்?” இன்றுவரை அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வாலிபர்களே, செய்யவேண்டியவை சிலவே. கடவையை அண்மித்ததும் வேகத்தைக் குறையுங்கள். பாட்டை நிறுத்திக் காதுகொடுத்து, இருமருங்கும் பாருங்கள். மறுபுறத்தில் உங்கள் வாகனத்துக்கு இடமிருந்தாலன்றித் தண்டவாளத்தில் ஏறாதீர்கள். ஒரு வண்டி போனதும் விரையாதீர்கள். இருவழிப் பாதையில் மற்றொன்று எதிர்ப்புறத்தால் வரக்கூடும். வாகனம் தண்டவாளத்தில் நின்றுவிட்டால், எல்லோரையும் உடனே இறக்கித் தூர விலகுங்கள். இரும்பை மீண்டும் வாங்கலாம். பஸ்ஸில் இருப்போரும் வாய்மூடி இருத்தலாகாது. “அண்ணை, பொறுங்கோ, போகட்டும்” என்று சொல்லத் துணியுங்கள்.

மணியும் விளக்கும் தடைமரமும் இல்லாத கடவைகளுக்கு அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஆயினும் இறங்கிய தடைமரத்தைச் சுற்றிப் போகின்றவனை எந்தத் தடைமரம் காக்கும்?

காத்து நிற்பது கோழைத்தனமன்று. வீட்டிலே நம்மை எதிர்பார்த்திருப்போருக்கு நாம் செய்யும் மரியாதை அது.