வினாக்களுக்கும் எடை உண்டு



தன்மதிப்பு, மனச்சோர்வு, தேர்வு பயம் போன்றவற்றை அளக்கப் பத்துப் பன்னிரண்டு வினாக்களைக் கேட்டு, விடைகளுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறோம். அந்தக் கூட்டுத்தொகையில் ஆட்களிடையே காணும் வேறுபாட்டில் எவ்வளவு மெய், எவ்வளவு பிழை? இதைச் சொல்வதுதான் நம்பகத்தன்மைக் கெழு.

ஆய்வேடுகளில் நெடுங்காலமாக ஆட்சி செய்வது ஆல்ஃபா. 1951இல் லீ குரோன்பாக் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். 1945லேயே லூயி குட்மன் அதற்கு இணையான சூத்திரத்தைத் தந்திருந்தார். கணக்கிட எளிது, அதனால் பரவியது. ஆனால் அது சரியான விடை தர வேண்டுமானால் எல்லா வினாக்களும் ஒரே பண்பை ஒரே அளவில் ஏந்தியிருக்க வேண்டும்; அவற்றின் பிழைகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதிருக்க வேண்டும். உண்மையான வினாத்தாளில் அப்படி அமைவது அரிது.

ரோடரிக் மெக்டொனால்ட் வகுத்த ஒமேகா அந்தச் சம அளவை எதிர்பார்ப்பதில்லை. முதலில் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு செய்கிறோம். ஒவ்வொரு வினாவும் பண்பை எவ்வளவு ஏந்துகிறது என்ற சுமை அதில் தெரிந்துவிடுகிறது. சுமைகளைக் கூட்டி இருமடியாக்கினால் கூட்டுத்தொகையின் மெய்ப்பங்கு. அதோடு வினாக்களின் பிழை மாறுபாடுகளைச் சேர்த்தால் மொத்தம். மெய்ப்பங்கை மொத்தத்தால் வகுத்தால் ஒமேகா.

நான்கு வினாக்கள், சுமைகள் 0.9, 0.8, 0.4, 0.3 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 2.4, இருமடி 5.76. ஒவ்வொரு வினாவின் மாறுபாடும் 1 என்று கொண்டால் பிழைகளின் கூட்டு 2.30. ஒமேகா 0.71 வருகிறது. இதே வினாக்களுக்கு ஆல்ஃபா 0.67தான். 0.70 என்ற எல்லைக்கோட்டை வேதமாகக் கொள்பவர் ஒன்றை ஏற்பார், மற்றதைத் தள்ளுவார். எனக்கு அந்த எல்லைக்கோட்டின் மீதே மதிப்பில்லை. அதைப் பிரபலப்படுத்திய ஜம் நன்னலி, தம் நூலின் 1978 பதிப்பில், ஆய்வின் தொடக்க நிலைக்குத்தான் 0.70 போதும் என்றார். ஒரு தனிமனிதரைப் பற்றி முடிவெடுக்க 0.90 கூடக் குறைந்தபட்சமே என்று கருதினார்.

ஒமேகாவை நான் போற்றுவது எண் கூடுவதற்காக அல்ல. சுமைகள் சமமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். சிறிதே வேறுபட்டாலும் இடைவெளி அற்பம்தான். கெழுவுக்கு முன்னால் அமைப்பைப் பார்க்க வைக்கிறதே, அதுதான் அதன் பெரிய பயன். மேலே சொன்ன நான்கில் கடைசி இரண்டு வினாக்கள் ஏன் இவ்வளவு மெலிந்திருக்கின்றன என்று யோசிக்க ஆல்ஃபா நம்மை நிறுத்துவதில்லை.

காரணிப் பகுப்பாய்வின் மாதிரி தவறினால் ஒமேகாவும் தவறும். மாரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலில் பத்து வாக்கியங்கள். ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. எதிர்மறை வாக்கியங்கள் தன்மதிப்பால் மட்டுமல்ல, சொல்லப்பட்ட விதத்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதைக் கவனிக்காமல் ஒற்றைக் காரணி மாதிரியைப் பொருத்தினால், அந்த ஒட்டுதலும் மெய்ப்பங்கின் கணக்கில் ஏறிவிடலாம். பொதுக் காரணியோடு வாக்கிய நடைக்கும் தனிக் காரணி வைத்துப் பொருத்தி, பொதுக் காரணியின் பங்கை மட்டும் எடுப்பதே படிநிலை ஒமேகா. இத்தகைய அளவுகோலின் கூட்டுத்தொகையைத் தன்மதிப்பு என்று அழைக்க விரும்புவோர் தர வேண்டிய எண் இதுதான். அதன் பக்கத்திலேயே சுமைகளின் அட்டவணையும் மாதிரிப் பொருத்தமும் நம்பிக்கை இடைவெளியும் இருக்க வேண்டும்.