ஈகையும் பொறுமையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிறிஸ்தவ சமயம் ஈகையைப் பற்றிக் கூறுவது யாது என்று எடுத்துரைக்குமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். பல சமயத்தாரும் ஒரு குடும்பம் போல் வாழும் காலனி நம்முடையது. ஆதலின், நம் எல்லாருக்கும் பொதுவான ஒரு வினாவிலிருந்து தொடங்க விரும்புகிறேன். கொடுப்பவன் பலனை எதிர்நோக்கலாமா? எதிர்நோக்கினால் அது கொடையா, வாணிகமா?

இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசியவன் அல்லன் ஆய் அண்டிரன் என்று புறநானூற்றிலே உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாராட்டுகின்றார். சான்றோர் நடந்த வழி இது என்பதற்காகவே அவன் வழங்கினானாம். வள்ளுவர் பெருமானோ இன்னும் ஒருபடி மேலே சென்று, மேலுலகமே இல்லையென்றாலும் ஈவதே நன்று என்று முடிவு கூறிவிட்டார்.

இவ்வளவு உயர்ந்த கொள்கையில் ஊறிய நமக்கு, விவிலியத்தைப் படிக்கையில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. பூமியில் அன்று, பரலோகத்தில் செல்வத்தைச் சேர்த்து வையுங்கள் என்கிறார் இயேசுநாதர். மறைவில் கொடுப்பவனுக்குப் பரமபிதா பலன் அளிப்பார் என்றும் உறுதி கூறுகிறார். இஃது அறத்தை விலைபேசுவது ஆகாதா?

அப்படித் தோன்றுவது அவருடைய போதனையை முழுதும் நோக்காததனால்தான். விருந்து வைப்பவனுக்கு அவர் சொன்ன அறிவுரையைக் கேளுங்கள். நண்பரையும் உறவினரையும் செல்வரையும் அழையாதே. அவர்கள் உன்னைத் திரும்ப அழைத்துக் கடனைத் தீர்த்துவிடுவார்கள். ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைப்பாயாக. திருப்பித் தர அவர்களிடம் ஒன்றும் இல்லாமையே உன் பேறு. இதுவே லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரம் தரும் கருத்து. கைம்மாறு வரும் வழியை முற்றிலும் அடைத்துவிட்டுக் கொடு என்பதன்றோ இதன் பொருள்? வணிகன் எவனும் இவ்வாறு முதலீடு செய்யமாட்டான்.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்ப்பின் காட்சி இதனினும் தெளிவானது. பசித்தவனுக்கு உணவும், அந்நியனுக்கு உறைவிடமும், நோயாளிக்கு ஆறுதலும் தந்தவர்களை நோக்கி, அவற்றை எனக்கே செய்தீர்கள் என்கிறார் அரசர். அவர்களோ திகைத்துப்போய், உமக்கு எப்போது செய்தோம் என்று கேட்கின்றனர். தம் பெயரில் வரவு எழுதப்பட்டிருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அறியாமல் பெற்ற பலனை வாணிக ஊதியம் என்று யார் சொல்லக் கூடும்?

அடுத்து, கொடையின் அளவைப் பற்றிய போதனை. எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் செல்வர்கள் பெருந்தொகை இட்டனர். ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு சிறு செப்புக் காசுகளை இட்டாள். அன்றைய கூலியாளின் ஒருநாட் கூலி ஒரு தெனாரியம். அவள் இட்டது அதில் 64-இல் ஒரு பங்கு. எல்லாரிலும் மிகுதியாக இட்டவள் அவளே என்றார் இயேசுநாதர். பிறர் கொடுத்தது எஞ்சியதிலிருந்து. அவள் கொடுத்தது தன் பிழைப்பையே. கொடுத்தபின் கையில் மீந்தது எவ்வளவு என்பதே அங்கு அளவுகோலாயிற்று.

இந்த அளவுகோலைக் கையாண்டவர் பவுல் அடிகள். எருசலேமில் வறுமையுற்ற அடியார்களுக்காகக் கி.பி. 50-களில் அவர் பொருள் திரட்டினார். தாமே கொடிய வறுமையில் உழன்ற மக்கெதோனியச் சபையார், இப்பணியில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று வற்புறுத்தித் தந்ததை அவர் வியந்து எழுதுகிறார். மனவருத்தத்தோடும் கட்டாயத்தினாலும் எவரும் கொடுத்தல் வேண்டா என்று விலக்கவும் செய்கிறார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்குத் தக்கபடி சிறிது எடுத்து வைக்கச் சொல்கிறார். திரண்ட பொருளைத் தாம் ஒருவரே கொண்டுபோகாமல், குற்றம் சொல்ல இடமின்றி, நம்பிக்கைக்குரிய பலரையும் உடன் சேர்த்துக்கொள்கிறார். அறப்பணத்துக்கு ஒழுங்கான கணக்கு வேண்டும் என்பதும் அப்போதனையில் அடங்கியதே.

இனிப் பொறுமைக்கு வருவோம். கொடையை விதைப்புக்கு ஒப்பிடுகிறார் பவுல். உழவன் முன்மழைக்கும் பின்மழைக்கும் காத்திருப்பதைப் பொறுமைக்கு உவமை காட்டுகிறார் யாக்கோபு. கூலிக்கும் விளைவுக்கும் உள்ள வேற்றுமையை இங்கே காண்க. கூலி அன்று மாலையே வரும். இத்தனை என்று முன்னரே பேசியிருக்கும். விளைவோ மண்ணையும் மழையையும் பொறுத்தது. முளைத்ததா என்று நாள்தோறும் விதையைத் தோண்டிப் பார்க்கும் உழவன் பயிரைக் காண்பதில்லை. விதைத்தவன் ஒருவனாகவும் அறுப்பவன் வேறொருவனாகவும் இருத்தலும் உண்டு. கிறிஸ்தவம் எதிர்நோக்கச் சொல்வது இவ்விளைவையே. அதன் முதற் கதிர், கொடுப்பவனுடைய நெஞ்சிலேயே தோன்றுகிறது. பொருளின் மீதுள்ள பிடி தளர்ந்து, பிறர்துயர் தன்துயராகும் அந்த மாற்றமே அக்கதிர்.

இதற்குச் சான்றாக நம் நாட்டிலேயே இரண்டு செய்திகள் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அயல்நாட்டார் பணத்தை நம்பாமல் இந்தியர் பொருளைக்கொண்டே தொண்டு நடத்தவேண்டும் என்னும் கொள்கையோடு 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணராயிருந்தார். தமிழ்நாட்டை விட்டுத் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குச் சென்று, அம்மொழியைக் கற்று, அவ்வெளிய மக்களிடையே வாழ்ந்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கூலிவேலை செய்து வாழ்ந்த கிராமத்தாருக்கும், பெறுவதோடு நில்லாமல் கொடுக்கவும் கற்பித்தார். கொடுப்பதில் ஏழைக்கும் மாண்பு உண்டு என்பது அவர் உறுதி. தோர்ணக்கல் பேராலயம் 1939-இல்தான் நிறைவெய்திப் பிரதிட்டை பெற்றது. 1945-ஆம் ஆண்டுப் பிறப்பன்று அவர் மறைந்தார். நீண்ட காத்திருப்பின் சின்னமாக அவ்வாலயம் இன்றும் நிற்கிறது.

மற்றொன்று மிசோரம் மலைநாட்டில் நிகழ்வது. உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலத்தில் இட்டு வைக்கின்றனர் அந்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள். பூஃபாய் தாம் என்பது அதன் பெயர். ஒரு பிடி அரிசி என்பதே பொருள். சபையார் அதைத் திரட்டி விற்று இறைபணிக்குச் செலவிடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழை வீடுகளில் எழுந்த இவ்வழக்கம், இன்று பிறமாநிலங்களிலும் தொண்டர்களைத் தாங்கும் பெருநிதியாய் வளர்ந்துள்ளது. முதற் பிடியை எடுத்து வைத்தவள் இதைக் கண்டாள் அல்லள்.

அன்பர்களே, பிடியரிசி நம் பாட்டியர் அறிந்த அறமே. ஊர்விட்டு வந்த நாமோ சற்றுத் தளர்ந்திருக்கிறோம். நாம் படிக்கவைத்த பிள்ளை ஒரு கடிதமும் எழுதவில்லை, உதவி பெற்ற குடும்பம் காலனியை விட்டுச் சொல்லாமலே போய்விட்டது என்றெல்லாம் மனம் நொந்து, இனி எதற்கு என்று கை மூடிக்கொள்வோர் நம்மிடையே உண்டு. நன்றி வராத இடத்தில்தான் கொடை கொடையாய் நிற்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். வந்த கடிதம் நமக்கு அளிக்கப்பட்ட கூலி. வராத கடிதமோ மண்ணுள் கிடக்கும் விதை.

தொடங்கிய வினாவுக்கு என் விடை இதுவே. மேலுலகம் இல்லையெனினும் ஈக என்ற வள்ளுவரும், பலனை இறைவன் கையில் விட்டு ஈக என்ற இயேசுநாதரும் நம்மை ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். அவ்விடத்தில் கொடுப்பவன் கணக்கு எழுதுவதில்லை. எழுதுபவர் ஒருவர் உண்டு என்ற நம்பிக்கையால் கிறிஸ்தவன் சோர்வின்றிக் காத்திருக்கிறான். அந்நம்பிக்கை இல்லாதாரும் அச்சோர்வின்மையைக் கைக்கொள்ளலாம்.

இன்றிரவு உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்து வையுங்கள் என்று தாய்மார்களை வேண்டி, என் உரையை முடிக்கின்றேன்.