செய்தி வந்துவிட்டது, அப்புறம்?

(சாத்தூரில் இயக்கத் தோழர்களுக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

பத்திரிகைக்கு அறிக்கை எழுதுவது எப்படி, நிருபர்களைச் சந்திப்பது எப்படி என்று காலையிலிருந்து பேசியிருக்கிறீர்கள். நான் அதற்கு அடுத்த கேள்வியோடு வந்திருக்கிறேன். செய்தி வந்தாச்சு. அப்புறம் என்ன நடக்கும்? எப்போது நடக்கும்? எது நடக்கவே நடக்காது? இந்தக் கணக்குத் தெரியாமல் களத்துக்குப் போகிறவர்கள் கடைசியில் ஏமாற்றுவது நம்ம சனங்களைத்தான்.

பயராபீஸ் வெடித்த அன்று காலனிக்குள் கேமரா வரும். மகளைப் பறிகொடுத்த தாயிடம் நாமும், "பேசும்மா, உலகமே பார்க்குது, நியாயம் கிடைச்சிரும்" என்போம். மூன்றாம் நாள் கேமரா போய்விடும். ஆறு மாதம் கழித்து அதே தெருவுக்குப் போனால், "அன்னைக்கு அம்புட்டுச் சொன்னீகளே, என்னாச்சு?" என்று அந்தத் தாய் கேட்பாள். பதில் இல்லையென்றால் அடுத்த தடவை அந்தக் கதவு திறக்காது. முதலாளியின் ஆள் கொண்டுவருகிற பணத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடுவதே புத்தி என்று தெருவே முடிவு செய்துவிடும். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நம்ம மாவட்டத்து வரலாற்றையே எடுத்துக் கணக்குப் பார்ப்போம். சிவகாசித் தீப்பெட்டி ஆபீஸ்களில் குழந்தைகள் படும் பாட்டைப் பற்றி ஸ்மிது கோத்தாரி 1983இல் ஆங்கில வார இதழில் எழுதினார். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1990இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஆவணப்படம் எடுத்தார். 1991இல் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்து உச்சநீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. இறந்தவர்கள் 39 பேர் என்று தமிழக அரசு பதில் மனுவில் சொன்னது. எம்.சி.மேத்தா வழக்கில் தீர்ப்பு வந்த நாள் 1996 டிசம்பர் 10. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு.

கட்டுரையிலிருந்து தீர்ப்புவரை 13 வருஷம். பதினாலு வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் குழந்தைகளை வைக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது 2016இல். அதிலும் குடும்பத் தொழில் என்று ஒரு சந்து விட்டார்கள். 1983இல் கட்டை அடுக்கிய பிள்ளைக்கு 2016இல் பேரப்பிள்ளையே இருந்திருக்கும். ஒரு கட்டுரையோ ஒரு படமோ சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவை இல்லாமல் வந்திருக்கும் என்றும் சொல்லமாட்டேன்.

இன்னொரு கணக்கு. 1996இல் பஞ்சாயத்துத் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது ஆதிக்க சாதியினர் தேர்தலையே நடக்க விடாத ஊர்கள்: மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். நம்ம விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. பத்து வருஷமும் செய்தி வந்துகொண்டேயிருந்தது. கூடவே கூட்டமும் மறியலும் வழக்கும் நடந்தன. இரண்டும் சேர்ந்துதான் அரசை நகர்த்தின.

செய்தி எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வேலை செய்யாது என்பதையும் சொல்லவேண்டும். 2015இல் டெல்லியில் மூன்று குழந்தைகளின் பேரில் பட்டாசுப் புகைக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். அடுத்த வருஷம் நவம்பரிலேயே தலைநகர்ப் பகுதியில் பட்டாசு விற்பனை உரிமங்கள் நிறுத்தப்பட்டன. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை. அந்தக் குழந்தைகளின் மூச்சும் மூச்சுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இங்கே மருந்துத் தூசியிலேயே ஆயுள் கழித்த பெண்களின் நெஞ்சுக்கு அந்த அவசரம் கிடைக்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகு ஆலைகளை மூடினார்கள். சரம் பின்னிய கைகளுக்குக் கூலி போச்சு. அப்போது முதலாளிகள், "தொழிலாளியின் வயிறு காயுதே" என்று பேட்டி கொடுத்தார்கள். கூலி உயர்வு கேட்டால் கண்ணில் படாத வயிறு, விளம்பரத்துக்கு மட்டும் உதவியது.

சரி, எதை எப்போது எதிர்பார்க்கலாம்?

முதல் வாரத்தில் நிவாரண அறிவிப்பு, காயம்பட்டவர்களுக்கு மருத்துவம், எப்.ஐ.ஆர்., ஆலைக்கு சீல். 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளம் வெடித்தபோது மாநில அரசு 3 லட்சம், பிரதமர் நிதி 2 லட்சம் என்று உடனே அறிவித்தார்கள். செய்தியின் சூடு தரக்கூடியது இவ்வளவுதான்.

ஒரு வருஷத்துக்குள் விசாரணைக் குழு, அறிக்கை, உத்தரவு. அதே அச்சன்குளம் செய்தியைப் பார்த்து பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்தது. குழு போட்டது, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று உத்தரவிட்டது. உத்தரவு வேறு, பணம் கைக்கு வருவது வேறு. இடையில் இருக்கிற தூரத்தை நடப்பது நம்ம வேலை.

பத்து, இருபது வருஷத்தில் விதி, சட்டம், திட்டம். பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக முதல்வர் 5 கோடி நிதி அறிவித்தது 2024 நவம்பரில். இதற்குள் எத்தனை பிள்ளைகள் படிப்பை விட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

செய்தி மட்டும் ஒருபோதும் தராதது ஒன்று உண்டு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தை நாடே பேசியது. உள்குத்தகை, அறைக்குள் அளவுக்கு மீறிய ஆள் என்று எழுதினார்கள். எட்டு வருஷத்துக்கு மேல் கழித்து அச்சன்குளத்திலும் அதையேதான் எழுதினார்கள். "இந்த அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரமாட்டோம்" என்று உள்ளே இருக்கிற தொழிலாளி சொல்லவேண்டும். சொன்னவரை நிறுத்தினால் மற்றவர்களும் எழுந்து வரவேண்டும். அது சங்கத்தின் வேலை. எந்த நிருபரும் அதைச் செய்து தரமுடியாது.

ஆகவே களத்துக்குப் போகிறவர்கள் வாக்குறுதி கொடுக்காதீர்கள். "பேப்பர்ல வந்தா முதல்ல நிவாரணம் வரலாம். கேஸ் இழுக்கும். நாங்க கூட இருப்போம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். இருக்க முடியாதென்றால் கடைசி வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். செய்தி வந்தாலும் வராவிட்டாலும், இரண்டு வருஷத்துக்குள் இழப்பீட்டு மனுப் போடவேண்டும். இ.எஸ்.ஐ. உள்ள ஆலை என்றால் அந்த வழியில் கேட்கவேண்டும். உள்குத்தகை ஆலையில் நம்ம ஆள் பேரே பதிவேட்டில் இருக்காது. அதனால் ‘கூலித்தொழிலாளர்கள் பலி’ என்று முடிக்கவிடாமல் ஒவ்வொருவர் பேரையும் ஊரையும் அச்சில் ஏற்றவையுங்கள். முப்பதாம் நாள், முதல் வருஷம், இரண்டாம் வருஷம் என்று தேதி குறித்து, "சொன்ன பணம் வந்ததா?" என்று மறுபடி செய்தி கொடுங்கள். முதல் செய்தியை யாரும் போடுவார்கள். இரண்டாவதை நாம்தான் போடவைக்கணும்.

எந்தப் பேப்பரும் போடவில்லையென்றால் நம்ம பத்திரிகையில் போடுங்கள். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அதில் அவர் எழுதியவை தொகுப்பாக வந்து நம் கைக்குக் கிடைத்தது 1999இல். அத்தனை காலம் அந்த எழுத்து காத்திருந்தது. இழப்பீட்டுக்குக் காத்திருக்கிற தாயால் அப்படி முடியாது. எழுதுவதற்கு இருக்கிற பொறுமை வேறு, அவளுக்கான மனுவைப் போடுவதில் இருக்கவேண்டிய அவசரம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் தோழர்களே.

ஜெய்பீம்.