தவசிக்கீரை

தவசிக்கீரையை உங்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்? மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அஃது அன்றாடக் கறி. பால் சுரக்கும் என்று ஈன்ற தாய்மாருக்கு அதனைச் சமைத்துக் கொடுப்பர். கரோட்டின், வைட்டமின் சி, ஃபிளேவனாய்டு ஆகியன அதில் மிகுதி. எனவே எப்படி உண்டாலும் நன்மையே என்று எண்ணிவிடாதீர்கள். 1994-ஆம் ஆண்டையொட்டித் தைவானில் உடல் மெலிய விரும்பியோர் பலர், இதனைப் பச்சையாகவே சாறு பிழிந்து வாரக்கணக்கில் பருகினர். நுரையீரலின் நுண்குழல்கள் தடித்து அடைபட்டன, மூச்சுத் திணறினர். அடைபட்ட குழல்களை மருந்தால் மீட்க இயலவில்லை. சிலர் மாண்டனர், சிலருக்கு நுரையீரலையே மாற்ற நேர்ந்தது. சமைப்பதால் சத்தெல்லாம் போய்விடுமே என்பீர்கள். வைட்டமின் சி குறையும், உண்மைதான். கரோட்டினோ எண்ணெயில் கரைவது. தாளித்த கீரையிலிருந்து அஃது உடலிற் சேர்வது எளிது. எங்கள் வீட்டில் ஒரு பிடி கீரையைப் பருப்போடு வேகவைத்தே உண்கிறோம்.