பெயரும் எண்ணும்



தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்குப் பெரட்டுக் களம் நினைவிருக்கும். பொழுது விடியுமுன் கிராணியார் செக்குரோல் புத்தகத்தை விரித்துப் பெயர் கூப்பிடுவார். ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டி இருப்பார்கள், நான்கு மாரியாயி இருப்பார்கள். ஆகவே ஆளுக்கு ஓர் எண். கணக்கு எழுதுவது எண்ணை வைத்து. கூப்பிடுவதோ பெயரைச் சொல்லி. இரண்டையும் இணைத்து வைத்திருந்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான். அதில் ஒரு வரி பிசகினால் ஒருவர் சீவிய பால் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

இன்று நாம் பேசப்போவது கணினிகளுக்கான செக்குரோலைப் பற்றி. நம் தஞ்சோங் ரம்புத்தான் பிள்ளைகள் பலர் கணினித்துறை படிக்கப் போகிறார்கள். பக்கத்திலேயே ஈப்போவில் 1969-இல் தொடங்கிய உங்கு ஒமார் பொலிடெக்னிக் இருக்கிறது. “என்னதான் படிக்கிறாய்?” என்று தாய் கேட்டால், பிள்ளைக்கு விளக்கத் தெரிவதில்லை. விளக்கினால் விளங்காத விஷயமில்லை இது.

கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். 10.1.0.37 என்பது போல, நான்கு எண்கள் புள்ளியிட்டு நிற்கும். மனிதருக்கோ எண் மனத்தில் தங்காது. ஆகவே பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிக் கொடுக்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

அமெரிக்காவில் 1970-களில் கணினிகளைக் கம்பி வழியே இணைத்தபோது, ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு ஒரே ஒரு பெயர்ப் பட்டியலைப் பராமரித்து வந்தது. புதிய கணினி வந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பட்டியலில் எழுதுவார்கள். மற்ற இடத்தார் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். சில நூறு கணினிகள் இருந்தவரை இது நடந்தது. கூட்டம் பெருகியதும் ஒரு புத்தகம் போதவில்லை. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும் முறையை வகுத்தார். நம் அஞ்சல் முறையைப் போன்றது அது. கடிதத்தில் 31250 என்று கண்டால் அது தஞ்சோங் ரம்புத்தானுக்கு வந்துவிடும். எந்த வீடு என்பதை இங்குள்ள தபால்காரர் அறிந்தால் போதும், கோலாலம்பூரில் இருப்பவர் அறிய வேண்டியதில்லை. மலேசியாவுக்குரிய ‘.மை’ என்ற பெயர்க் கிளை 1987-இல் கிடைத்தது. சிங்கப்பூரும் இந்தியாவும் இலங்கையும் இப்போது தத்தம் நாட்டுப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே இப்படி வைத்திருக்கின்றன என்பது கேட்க இனிக்கும் செய்தி.

இனி, ஆயிரம் கணினிகளை ஒரே கூடத்தில் அடுக்கி, ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யவைக்கும் இடத்துக்கு வருவோம். இந்தியாவில் புனே நகரில் டாட்டா நிறுவனத்தார் அமைத்த ‘ஏகா’ அப்படிப்பட்டது. 2007 நவம்பரில் உலக வரிசையில் அது நான்காம் இடம் பெற்றது. நொடிக்கு ஏறத்தாழ 118 லட்சம் கோடி கணக்குகள் போட்டது. ஏகா என்றால் ஒன்று. பெயர் ஒன்று, உள்ளே இருந்தவையோ ஆயிரத்துக்கும் மேல்.

இவ்வளவு கணினிகளும் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும். எளிய வழி, ஒவ்வொரு கணினிக்குள்ளும் முழுப் பட்டியலின் பிரதியை வைப்பது. யாரையும் கேட்க வேண்டாம், விடை உடனே கிடைக்கும். ஆனால் ஒரு கணினியின் எண் மாறினால் ஆயிரம் பிரதிகளையும் திருத்த வேண்டும். திருத்தும் வேளையில் ஏழு கணினிகள் பழுதாகி அணைந்திருந்தன என்று வையுங்கள். அவை மறுநாள் பழைய பட்டியலோடு எழுந்து வரும். இல்லாத இடத்துக்கு வேலையை அனுப்பும். கெட்டது எது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

பழைய பட்டியல் என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம். எங்கள் மாணவி ஒருத்தியின் குடும்பம் தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. புதிய முகவரியை எழுதிக் கொடுத்தும், ஓர் அலுவலகம் பழைய லயத்து முகவரிக்கே மேற்படிப்புக் கடிதத்தை அனுப்பியது. லயம் இடிந்து செம்பனை முளைத்த இடம் அது. கடிதம் அவள் கைக்கு வந்தபோது பதிவு நாள் கடந்திருந்தது. ஓராண்டு போயிற்று.

ஆகவே, பட்டியலை ஓரிடத்தில் வைத்து எல்லாரும் அங்கே கேட்கட்டும் என்பது இரண்டாவது வழி. திருத்தம் ஒரே இடத்தில் முடிந்துவிடும். ஆனால் பெரிய வேலை தொடங்கும்போது ஆயிரம் கணினிகளும் ஒரே நொடியில் வந்து கேட்கும். சம்பள நாளில் ஒரே கிராணி முன் தோட்டமே திரண்டாற்போல் ஆகிவிடும். அந்தக் கணினி படுத்துவிட்டால், மற்றவை நல்ல நிலையில் இருந்தும் ஒன்றையொன்று காணமாட்டா. 2021 அக்டோபர் 4-ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நின்றுபோனதே, நினைவிருக்கிறதா? பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளையால் அந்நிறுவனத்தின் உள்இணைப்புகள் அறுந்தன. அதனால் பெயர் சொல்லும் கணினிகளும் உலகத்தின் கண்ணுக்கு மறைந்தன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் வெளியூர்ப் பிள்ளைகளோடு பேச முடியாமல் எத்தனை தாய்மார் தவித்தார்கள்!

அனுபவசாலிகள் இரண்டு வழியையும் கலந்து செய்கிறார்கள். பெயர் சொல்லும் கணினி இரண்டு மூன்று இருக்கும். கேட்ட விடையை ஒவ்வொரு கணினியும் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதையும் விடையோடு சேர்த்தே சொல்லிவிடுவார்கள். எண்ணை மாற்றப் போகிறார்கள் என்றால், முன்கூட்டியே அந்த நேரத்தை ஒரு நாளிலிருந்து ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டு, பழைய நினைவெல்லாம் கழிந்த பிறகே மாற்றுவார்கள். பெயரையும் அழகு பார்த்து வைப்பதில்லை. எந்த அடுக்கில் எத்தனையாவது கணினி என்பது பெயரிலேயே தெரியும்படி வைப்பார்கள். பழுதானதை நள்ளிரவில் தேடிப் போகிறவருக்கு அதுதான் உதவும்.

உங்கள் பிள்ளை வீட்டில் கணினி வைத்திருந்தால், ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எலிசபெத் அம்மையார் காலத்துப் பட்டியலின் மிச்சம் அது. இன்றும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. அதில் 127.0.0.1 என்ற எண்ணைக் காணலாம். ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் எண் அது.